பீட்ரூட் வெந்நீரிலும் சாயம் இறக்குகிறது, ஃப்ரீசரிலும் இறக்குகிறது: ஏன்?

கேள்வி இது: "பி.எஸ்சி. தாவரவியல் செய்முறை வகுப்பில் பீட்ரூட் வில்லைகளை 30 முதல் 70 டிகிரி செல்சியஸ் வரை வெந்நீரில் வைத்துப் பார்த்தோம். 40 வரை தண்ணீரில் நிறம் ஏறவே இல்லை என்று சொல்லலாம். 60-இல் ரத்தச் சிவப்பு. 'வெப்பநிலை கூடினால் சவ்வின் ஊடுருவும் தன்மை கூடும்' என்று ரெக்கார்டு நோட்டில் முடிவு எழுதினோம். ஆனால் ஃப்ரீசரில் வைத்து எடுத்த துண்டும் அதே மாதிரி சாயத்தைக் கொட்டியது. ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் இருந்த பீட்ரூட்டுக்கோ ஒன்றும் ஆகவில்லை. அப்படியானால் நாங்கள் எழுதிய முடிவு தவறா?"

தவறில்லை, ஆனால் பாதிதான். பல வருடம் இந்தச் சோதனையை மாணவர்களோடு செய்திருக்கிறேன். ஃப்ரீசர் துண்டைப் பார்த்து முடிவைச் சந்தேகப்பட்டவர்கள் மிகக் குறைவு. நீங்கள் சந்தேகப்பட்டது எனக்கு உண்மையிலேயே மகிழ்ச்சி. இதற்குள் இரண்டு வேறு விஷயங்கள் ஒட்டிக்கிடக்கின்றன, அவற்றைப் பிரித்துப் பார்ப்போம்.

முதலில் சாயம் எங்கே இருக்கிறது என்று பார்க்கலாம். பீட்ரூட்டின் சிவப்பு பீட்டாசயனின் என்ற நிறமி. காகிதப்பூ, சிவப்புத் தண்டுக்கீரை, கோழிக்கொண்டைப் பூ எல்லாவற்றுக்கும் நிறம் தருவது இதே குடும்பத்து நிறமிதான். செல்லின் நடுவே அதன் பெரும்பகுதியை அடைத்துக்கொண்டு ஒரு நீர்ப்பை இருக்கிறதே, வாக்குவோல், அதற்குள் இது கரைந்து கிடக்கிறது. வெளியே வர வேண்டுமானால் இரண்டு சவ்வுகளைத் தாண்ட வேண்டும்: வாக்குவோலைச் சுற்றியுள்ள டோனோபிளாஸ்ட், அப்புறம் செல்லின் வெளிச்சவ்வு. செல்சுவர் இதற்குத் தடையே இல்லை. அதில் இந்த நிறமி போகும் அளவுக்கு இடைவெளிகள் உண்டு. "சூட்டில் செல்சுவர் உடைந்து சாயம் வந்தது" என்று எழுதினால் அதுதான் தவறு.

ஹியூகோ டி விரீஸ் என்ற டச்சு தாவரவியலாளர் 1871-லேயே சிவப்பு பீட்ரூட்டை வைத்து இந்த ஊடுருவல் பற்றி ஆராய்ந்தார். டோனோபிளாஸ்ட் என்ற பெயரை 1885-இல் வைத்தவரும் அவரே. மெண்டலின் விதிகளை 1900-இல் மீண்டும் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்த அதே டி விரீஸ். ஆக நீங்கள் செய்தது 150 வருடப் பழைய சோதனை. பீட்ரூட்டைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணமும் எளிது: சவ்வு பழுதானால் அதுவே நிறம் காட்டிச் சொல்லிவிடும்.

இந்த நிறமி மூலக்கூறு சவ்வைக் கடக்கக் கொஞ்சமும் ஏற்றதல்ல. மூலக்கூறு எடை சுமார் 550. அதில் ஒரு குளுக்கோஸ் ஒட்டியிருக்கிறது, மின்னூட்டமும் உண்டு. சவ்வின் உள்பகுதியோ கொழுப்பு. எண்ணெயில் சர்க்கரை கரையாதது போலத்தான் இதுவும், நல்ல நிலையில் உள்ள சவ்வு வழியாக இது கசிவதே இல்லை என்று வைத்துக்கொள்ளலாம். 30 டிகிரி குழாயில் நீங்கள் பார்த்த லேசான இளஞ்சிவப்பு, கத்தி பட்ட செல்களிலிருந்து வந்தது. வில்லைகளை வெட்டியவுடன் தண்ணீர் தெளியும் வரை பலமுறை அலசச் சொல்வது அதனால்தான்.

இப்போது முக்கியமான கேள்வி. சூடு ஏறினால் எல்லா மூலக்கூறும் வேகமாக ஓடும், அதனால் சாயமும் வேகமாக வெளியே வந்தது என்று சொல்லலாமா? கணக்குப் போட்டுப் பார்ப்போம். மூலக்கூறுகள் நீரில் தானாகப் பரவும் வேகம், அதாவது விரவல் வேகம், கெல்வின் வெப்பநிலைக்கு நேர்விகிதம், நீரின் பாகுநிலைக்கு (ஓட்டத்தைத் தடுக்கும் கெட்டித்தன்மைக்கு) எதிர்விகிதம். 30 டிகிரி என்பது 303 கெல்வின், 60 டிகிரி என்பது 333. பத்து சதவீதம்தான் கூடுதல். நீரின் பாகுநிலை 0.80-லிருந்து 0.47 மில்லிபாஸ்கல் வினாடியாகக் குறைகிறது. இரண்டையும் சேர்த்தால் வேகம் சுமார் 1.9 மடங்கு. இரண்டு மடங்குகூட இல்லை! உங்கள் குழாய்களில் 30-க்கும் 60-க்கும் இருந்த வித்தியாசம் இரண்டு மடங்கா? கண்ணால் பார்த்தாலே தெரியும், அது பல மடங்கு. ஆகவே வேகமாக ஓடியது மட்டும் காரணமல்ல, சவ்வே மாறிவிட்டது.

இன்னொரு சான்று உங்கள் செய்முறையிலேயே இருக்கிறது. வழக்கமான முறையில் வில்லையை ஒரு நிமிடம் வெந்நீரில் வைத்துவிட்டு, பிறகு அறை வெப்பநிலையில் உள்ள வாலைவடிநீருக்கு மாற்றி 20, 30 நிமிடம் விட்டுவைப்போம். சாயம் இறங்குவது அந்த இரண்டாவது குழாயில்தான். அங்கே எல்லா வில்லைகளுக்கும் ஒரே வெப்பநிலை. அப்படியிருந்தும் 60 டிகிரி பார்த்த வில்லை கசிந்துகொண்டே இருக்கிறது. சூடு போய்விட்டது, கசிவு நிற்கவில்லை. இதன் பொருள், சவ்வு தன் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. அந்தச் செல் செத்துவிட்டது.

நான் பிரிக்கச் சொன்ன இரண்டு விஷயங்கள் இவைதான். உயிரோடு இருக்கும் சவ்வு வெப்பத்தால் கொஞ்சம் நெகிழ்வது ஒன்று. அது படிப்படியாக நடக்கும், குளிர்ந்தால் திரும்பிவிடும், நீரும் சிறு மூலக்கூறுகளும் போகும் வேகத்தை மாற்றும், பீட்டாசயனினை வெளியே விடாது. சவ்வு சிதைவது இன்னொன்று. அது ஒரு குறுகிய வெப்பநிலை இடைவெளியில் சட்டென்று நடக்கும், திரும்பாது, உள்ளிருப்பது அத்தனையும் கொட்டும். பீட்ரூட் சோதனை காட்டுவது பெரும்பாலும் இந்த இரண்டாவதைத்தான். வரைபடம் நேர்கோடாக ஏறாமல் 40 வரை தட்டையாகப் படுத்திருந்து, 50-ஐ ஒட்டி நிமிர்ந்து ஏறுவது இதனால்தான்.

சவ்வு என்ன ஆகிறது? சிங்கரும் நிக்கல்சனும் 1972-இல் சொன்ன பாய்ம மொசைக் மாதிரியை நினைத்துக்கொள்ளுங்கள். பாஸ்போலிப்பிட் என்ற கொழுப்புப் பொருளின் இரட்டை அடுக்கு, நடுநடுவே புரதங்கள். லிப்பிட்டின் வால்கள் கொழுப்பு அமிலங்கள். வெப்பம் ஏறும்போது இந்த வால்கள் அதிகமாக அசையும், அடுக்கு தளரும். 45, 50-ஐத் தாண்டும்போது சவ்வில் பதிந்த புரதங்கள் உருக்குலையத் தொடங்கும். முட்டை வெள்ளைக்கரு வெந்து கெட்டியாவதும் இதே நிகழ்வுதான். அயனிகளை உள்ளே இழுத்துக்கொள்ளும் பம்புகள் நின்றுபோகும். தளர்ந்த கொழுப்பு அடுக்கும் உருக்குலைந்த புரதமும் சேர்ந்த இடத்தில் சவ்வு முழுமையாக மூடி நிற்க முடியாது.

இதில் நேரத்துக்கும் பங்கு உண்டு. "பீட்ரூட் சவ்வு எத்தனை டிகிரியில் உடையும்" என்று கேட்டால், "எத்தனை நிமிடம்" என்று திருப்பிக் கேட்க வேண்டும். ஒரு நிமிடம் தாங்கிய அதே சூட்டை ஒரு மணி நேரம் தாங்காது. உங்கள் வகுப்பில் ஒரு குழு ஒரு நிமிடம் வைத்து, இன்னொரு குழு ஐந்து நிமிடம் வைத்திருந்தால் இரண்டு வரைபடமும் ஒத்துப்போகாது. இரண்டுமே சரியாக இருக்கலாம்.

சரி, குளிருக்கு வருவோம். எனக்கு இதுதான் மிகவும் பிடித்த பகுதி.

மார்கழியில் தேங்காய் எண்ணெய் பாட்டிலில் உறைந்து வெள்ளையாகிவிடும். பக்கத்திலேயே இருக்கும் நல்லெண்ணெய்க்கு ஒன்றும் ஆகாது. இரண்டும் எண்ணெய்தான், வித்தியாசம் கொழுப்பு அமிலங்களில். தேங்காய் எண்ணெயில் நிறைவுற்ற கொழுப்பு அமிலங்கள் அதிகம். அவற்றின் வால்கள் நேராக இருப்பதால் விறகுக்கட்டு போல நெருக்கி அடுக்கிக்கொள்ளும். நிறைவுறாத அமிலத்தில் இரட்டைப் பிணைப்பு இருக்கும் இடத்தில் வால் வளைந்திருக்கும், நெருக்கி அடுக்க முடியாது. ஒரே நீளமுள்ள, 18 கார்பன் அமிலங்களைப் பாருங்கள்: இரட்டைப் பிணைப்பே இல்லாத ஸ்டியரிக் அமிலம் உருகுவது 69 டிகிரியில், ஒரு பிணைப்புள்ள ஒலியிக் 13-இல், இரண்டு உள்ள லினோலியிக் மைனஸ் 5-இல், மூன்று உள்ள லினோலெனிக் மைனஸ் 11-இல். ஒரே ஒரு வளைவு 50 டிகிரிக்கு மேல் வித்தியாசம் செய்துவிடுகிறது.

செல் சவ்வும் ஒரு எண்ணெய்ப் படலம்தான். குளிர்ந்தால் அதன் சில பகுதிகள் நெகிழ்ந்த நிலையிலிருந்து கெட்டியான கூழ் நிலைக்குப் போகும். சவ்வு முழுதும் ஒரே நேரத்தில் கெட்டியாவதில்லை. கெட்டிப்பட்ட திட்டும் நெகிழ்ந்த பகுதியும் சந்திக்கும் ஓரங்களில் பொருத்தம் கெட்டு, அங்கே கசிவு ஏற்படுகிறது. கெட்டியானால் ஊடுருவல் குறையத்தானே வேண்டும் என்று நினைப்போம், உண்மையில் அயனிகள் கசிய ஆரம்பிக்கின்றன.

எந்த வெப்பநிலையில் இது நடக்கும் என்பது செடிக்குச் செடி மாறும். 1970-இல் லயன்ஸ், ரைசன் இருவரும் ஒரு அழகான ஒப்பீடு செய்தார்கள். குளிர் தாங்காத தக்காளி, வெள்ளரி, சர்க்கரைவள்ளி ஆகியவற்றிலிருந்து மைட்டோகாண்ட்ரியாவைப் பிரித்து, வெப்பநிலையைக் குறைத்துக்கொண்டே அதன் சுவாச வேகத்தை அளந்தார்கள். 25 டிகிரியிலிருந்து சீராகக் குறைந்துவந்த வேகம் 9 முதல் 12 டிகிரி வந்ததும் சட்டென்று சரிந்தது. குளிர் தாங்கும் காலிஃபிளவர், உருளைக்கிழங்கு, பீட்ரூட் மூன்றிலும் 1.5 டிகிரி வரை அந்தச் சரிவே இல்லை. ஆம், நம் பீட்ரூட் அந்தப் பட்டியலில் இருக்கிறது! உங்கள் ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் 4 டிகிரியில் இருந்த பீட்ரூட்டுக்கு ஒன்றும் ஆகாததற்கு இதைவிட நேரான பதில் கிடையாது.

அதே ஃபிரிட்ஜில் வாழைப்பழத்தை வைத்துப் பாருங்கள். ஓரிரு நாளில் தோல் கறுத்துவிடும். வாழை வெப்பமண்டலச் செடி. சுமார் 13 டிகிரிக்குக் கீழே அதன் தோல் செல்களின் சவ்வுகள் கசியத் தொடங்கும். வாக்குவோலுக்குள் இருந்த ஃபீனால் பொருட்களும், வேறு அறையில் இருந்த பாலிஃபீனால் ஆக்சிடேஸ் என்ற நொதியும் சந்தித்துக்கொள்ளும். கத்தரிக்காயை நறுக்கி வைத்தால் கறுக்கிறதே, அதே வேதிவினைதான். அங்கே சவ்வைக் கத்தி கிழித்தது, இங்கே குளிர் கிழித்தது. வாழைப்பழத்தைக் கப்பலில் அனுப்புகிறவர்கள் 13, 14 டிகிரியைப் பிடித்துக்கொண்டு நிற்பதற்கும், ஆப்பிளைப் பூஜ்ஜியத்தை ஒட்டி வைப்பதற்கும் காரணம் இந்தச் சவ்வுதான்.

முழுச் சவ்வும் உறைகிறது என்ற பழைய விளக்கம் பிற்பாடு கொஞ்சம் திருத்தப்பட்டது. சவ்வின் லிப்பிட்டில் ஒரு சிறு பங்கு, குறிப்பாகப் பசுங்கணிகத்தில் உள்ள பாஸ்பாட்டிடைல்கிளிசரால், எவ்வளவு நிறைவுற்றிருக்கிறது என்பதே பெரிய வேறுபாட்டைத் தருகிறது என்று ஜப்பானின் நோரியோ முராட்டா குழு காட்டியது. 1992-இல் அவர்கள் புகையிலைச் செடியில் பூசணி வகை ஒன்றின் நொதி மரபணுவைப் புகுத்தினார்கள், அந்தப் புகையிலை குளிருக்கு மேலும் பயந்தது. ஆய்வகங்களில் அதிகம் பயன்படும் அராபிடாப்சிஸ் என்ற சிறு செடியின் மரபணுவைப் புகுத்தியபோது குளிரை மேலும் தாங்கியது. கொழுப்பு அமிலத்தை மாற்றினால் குளிர் தாங்கும் திறன் மாறுகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான நிரூபணம் வேண்டுமா?

இந்த இடத்தில் உங்கள் முடிவில் சேர்க்க வேண்டிய இன்னொரு நுணுக்கம். குளிரில் எல்லாப் பொருளுக்கும் ஊடுருவல் ஒரே திசையில் மாறுவதில்லை. அயனிகள் கசியும் அதே நேரத்தில், வேர்கள் நீரை உறிஞ்சும் வேகம் குறையும். நீர் பாகுத்தன்மை கூடிக் கனமாக நகரும், சவ்விலுள்ள நீர்வழிகளான அக்குவாபோரின்களின் வேலையும் மட்டுப்படும். ஈர மண்ணில் நிற்கும் வெள்ளரி நாற்று, மண் குளிர்ந்துவிட்டால் வாடுவது இதனால்தான். தண்ணீர் காலடியிலேயே இருக்கிறது, வேரால் இழுக்க முடியவில்லை. "ஊடுருவும் தன்மை" என்று எழுதும்போது எதற்கு என்று சேர்த்து எழுதுவது நல்லது.

ஃப்ரீசர் கதை மேலே சொன்ன குளிர்ச்சிக் கதையே அல்ல. அங்கே பனிக்கட்டி வந்துவிடுகிறது. மைனஸ் 18 டிகிரியில் முதலில் பெரும்பாலும் செல்களுக்கு வெளியே, இடைவெளிகளில் உள்ள நீர் உறையும். உறைந்த நீர் செல்லுக்குள்ளிருந்து மேலும் நீரை வெளியே இழுக்கும். செல் வற்றிச் சுருங்கும், உள்ளே உப்பு அடர்த்தி ஏறும். சுருங்கும்போது வெளிச்சவ்வு தன் பரப்பில் ஒரு பகுதியைச் சிறு குமிழ்களாக உள்ளே கழற்றிவிடும். பனி உருகி நீர் திரும்ப வரும்போது செல் பழைய அளவுக்கு விரியப் பார்க்கும். ஆனால் சவ்வு ரப்பர் அல்ல. சில சதவீதம் இழுபட்டாலே கிழிந்துவிடும். அதனால்தான் துண்டு ஃப்ரீசரில் இருக்கும்வரை திடமாக இருந்து, உருகியதும் தொளதொளத்துச் சாயத்தைக் கொட்டுகிறது. வேகமாக உறைந்த இடங்களில் செல்லுக்குள்ளேயே பனி ஊசிகள் உருவாகி நேரடியாகவே கிழித்துவிடும்.

உதகையில் உறைபனி விழுந்த காலையில் தேயிலைக் கொழுந்து பச்சையாகத்தான் தெரியும். வெயில் ஏறியதும் கருகினாற்போல் ஆகிவிடும். வெயில் சுட்டுவிட்டதாகத் தோன்றும், ஆனால் இரவே செல்கள் அழிந்துவிட்டன, பனி உருகியபோதுதான் அது வெளியே தெரிந்தது.

உங்கள் கேள்விக்கு நேரான பதில் இப்போது சொல்லலாம். ஒவ்வொரு செடியின் சவ்வும் அது வாழும் வெப்பநிலைக்கு ஏற்பச் சுருதி சேர்க்கப்பட்டிருக்கிறது. அந்த எல்லைக்குள் வெப்பநிலை ஏறினால் ஊடுருவல் மெல்ல ஏறும். எல்லையை மேல்பக்கம் தாண்டினாலும் கசியும், கீழ்ப்பக்கம் தாண்டினாலும் கசியும். பீட்ரூட்டுக்கு மேல் எல்லை 50-ஐ ஒட்டி, கீழ் எல்லை பனிக்கட்டி. வாழைக்கு கீழ் எல்லை 13.

இந்தச் சுருதியைச் செடியே மாற்றிக்கொள்ளும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். அரளிச் செடியை வைத்துச் செய்த ஆய்வு 1982-இல் வெளியானது. ஒரே வகை அரளியைப் பகல் 20, இரவு 15 டிகிரியில் ஒரு தொகுதியும், பகல் 45, இரவு 32 டிகிரியில் இன்னொரு தொகுதியுமாக வளர்த்தார்கள். ஒரே வெப்பநிலையில் வைத்து ஒப்பிட்டபோது, சூட்டில் வளர்ந்தவற்றின் சவ்வு லிப்பிட்டுகள் நெகிழ்வு குறைந்திருந்தன. ஒளிச்சேர்க்கை அமைப்பும் அதிகச் சூட்டைத் தாங்கியது. சாலை நடுவே கத்திரி வெயிலில் நின்று பூக்கிற செடி என்று நாம் பார்த்துப் பழகிய அரளிக்கு, அந்தத் தாங்கும் சக்தி வளரும் இடத்திலேயே கூடிக்கொள்கிறது. குளிர் வந்தால் எதிர்த் திசையில் நடக்கும்: டிசாச்சுரேஸ் நொதிகள் கொழுப்பு அமில வால்களில் கூடுதல் இரட்டைப் பிணைப்புகளைப் போடும். தேங்காய் எண்ணெயை நல்லெண்ணெயாக மாற்றுவது போல என்று என் மாணவர்களுக்குச் சொல்வேன். இதற்கு நாட்கள் ஆகும். மணிக்கணக்கில் வரும் சூட்டுக்கு வெப்ப அதிர்ச்சிப் புரதங்கள் உண்டு, மற்ற புரதங்கள் உருக்குலையாமல் காப்பவை இவை. சோயா நாற்றுகளை நேராக 45 டிகிரியில் 2 மணி நேரம் வைத்தால் சாகும், அதற்கு முன் 40 டிகிரியில் கொஞ்ச நேரம் பழக்கினால் பிழைக்கும்.

அடுத்த முறை சோதனை செய்யும்போது சில விஷயங்களைக் கவனியுங்கள். வில்லைகளை ஒரே கிழங்கின் ஒரே பகுதியிலிருந்து எடுங்கள், பீட்ரூட்டில் அடர் வளையமும் வெளிர் வளையமும் மாறிமாறி இருப்பதால் இது முக்கியம். நிறத்தின் அடர்த்தியை அளக்கும் கலரிமீட்டரில் பச்சை வடிகட்டி போடுங்கள், சிவப்பு நிறமி உறிஞ்சுவது பச்சை ஒளியைத்தான், உச்சம் 535 நானோமீட்டரை ஒட்டி. 70-க்கு மேல் நீண்ட நேரம் வைத்தால் பீட்டாசயனினே சிதைந்து பழுப்பு மஞ்சளாகும். அளவு குறைந்தால் சவ்வு திரும்பச் சரியாகிவிட்டது என்று எழுதிவிடாதீர்கள்.

முடிந்தால் சாயத்தோடு அயனிக் கசிவையும் அளந்து பாருங்கள். பெரிய மூலக்கூறான சாயம் வெளியே வருவதற்கு முன்பே பொட்டாசியம் போன்ற சிறு அயனிகள் கசிய ஆரம்பித்துவிடும், ஆகவே இது நுட்பமான அளவுகோல். டெக்ஸ்டரும் சகாக்களும் 1930-களின் தொடக்கத்தில் குதிரைமசால் பயிரின் குளிர் தாங்கும் திறனை இப்படித்தான் மின்கடத்துதிறன் வழியாக அளந்தார்கள். 1972-இல் சல்லிவன் சோளத்தின் வெப்பத் தாங்குதிறனுக்கு இதே முறையைக் கொண்டுவந்தார். வறட்சி, வெப்பம் தாங்கும் ரகங்களைத் தேர்ந்தெடுக்க இன்றைக்கும் இது பயன்படுகிறது.

இதற்குப் பெரிய கருவி தேவையில்லை. வீட்டில் ஆர்.ஓ. தண்ணீரைச் சோதிக்கும் டி.டி.எஸ். மீட்டர் அளப்பதும் மின்கடத்துதிறனைத்தான். வாலைவடிநீரில் அலசிய இலை வட்டுகளை ஒரு குழாயில் புது வாலைவடிநீரோடு போட்டு 40 டிகிரியில் 30 நிமிடம் வையுங்கள். குளிரவிட்டு முதல் அளவைக் குறியுங்கள். பிறகு அதே குழாயைக் கொதிநீரில் 10 நிமிடம் வைத்து எல்லாச் செல்லையும் கொன்று, மீண்டும் அறை வெப்பநிலைக்குக் கொண்டுவந்து இரண்டாவது அளவைக் குறியுங்கள். முதல் அளவை இரண்டாவதால் வகுத்தால் சவ்வு எத்தனை பங்கு கசிந்தது என்று கிடைக்கும். நிழலில் வளர்ந்த அரளி இலையையும், சாலையோர வெயிலில் நின்ற அரளி இலையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து இதைச் செய்து பாருங்கள். 40-இல் வித்தியாசம் தெரியவில்லை என்றால் 45, 50 என்று ஏற்றிக்கொண்டே போங்கள், இரண்டும் எந்த இடத்தில் பிரிகின்றன என்று பார்க்கலாம்.